காவலூரில் வியாழன் நிலவுகளின் இட அளவீடு

வியாழனின் பெரிய நிலவுகளான அயோ, யூரோப்பா, கானிமீடு, கலிஸ்டோ ஆகியவற்றின் இருப்பிடத்தைக் கணிக்கும் பணி ஜவ்வாது மலையின் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் நடந்துள்ளது. இந்த ஆய்வகம் பெங்களூரு இந்திய வானியற்பியல் மையத்தைச் சேர்ந்தது.

படமெடுத்து அளப்பதற்குப் பெரிய இடைஞ்சல் பூமியின் காற்று மண்டலம். அது நிலவின் உருவத்தைப் பாகையின் 3,600இல் ஒரு பங்கு அளவுக்காவது கலைத்துவிடும். வியாழனின் தொலைவில் அது சுமார் 3,000 கி.மீ.; கிட்டத்தட்ட யூரோப்பாவின் விட்டம்.

இதற்கு அழகான மாற்றுவழி உண்டு. ஏறத்தாழ 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை, நிலவுகளின் சுற்றுத்தளம் பூமிக்கும் சூரியனுக்கும் நேராக வரும். அப்போது ஒரு நிலவு மற்றொன்றை மறைக்கும். அல்லது அதன்மீது நிழல் வீழ்த்தும். பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும் அந்த ஒளிக்குறைவை ஒளிமானியில் பதிந்தால், ஒளி மிகவும் தாழ்ந்த நேரமும் தாழ்ந்த அளவும் நிலவுகள் இரண்டும் எவ்வளவு விலகி நின்றன என்பதைக் காட்டிவிடும். அயோ நொடிக்கு 17 கி.மீ. ஓடுவதால் கடிகாரம் பிசகக் கூடாது. காவலூரின் 1985, 1991 பதிவுகளை வானியலாளர் ஆர். வசுந்தரா ஆராய்ந்தார். நிலவின் முகத்திலுள்ள வெளிர், கருந்திட்டுகள் ஒளியின் மையத்தை நகர்த்திவிடும்; அதைத் திருத்துவதே இதில் நுட்பமான வேலை.

நிலவுகள் ஒன்றையொன்று மறைப்பதை மட்டுமல்ல, 1972 ஜூன் 7 அன்று கானிமீடு ஒரு விண்மீனை மறைத்ததையும் காவலூரும் இந்தோனேசியாவின் லெம்பாங்கும் பதிந்தன. கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் உண்டென அப்போது முடிவு கட்டினர். அப்போது கணித்த வளிமண்டல அடர்த்தியை 1979இல் வாயேஜர் விண்கலம் மறுத்தது.