வேதாகமத்தின் ஓரத்தில் ஓர் எண்: கி.மு. 4004

1650இல் லண்டனில் தடித்த லத்தீன் நூல் ஒன்று அச்சேறியது. எழுதியவர் அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர். கி.மு. 4004, அக்டோபர் 23க்கு முந்தைய இரவில் உலகம் தொடங்கியது என்கிறது அந்த நூல். இன்று இதைச் சொன்னால் சிரிப்பவர்கள்தான் அதிகம். ஆனால் அவர் கணக்குப் போட்ட விதத்தைப் பார்த்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும்.

ஆதாமுக்கு 130 வயதானபோது சேத் பிறந்தான், சேத்துக்கு 105 வயதில் ஏனோஸ் பிறந்தான் என்று ஆதியாகமம் 5ஆம் அதிகாரம் அடுக்கிக்கொண்டே போகிறது. 11ஆம் அதிகாரம் அதே பாணியில் ஆபிரகாமின் தகப்பன் வரை கொண்டுவந்து விடுகிறது. அதற்குப் பிறகு கூட்டல் இவ்வளவு சுலபமில்லை. ராஜாக்கள் ஆண்ட வருஷங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அஷர் பிடித்துக்கொண்டது 2 இராஜாக்கள் புத்தகத்தின் கடைசிப் பகுதியை. யூதாவின் ராஜா யோயாக்கீன் சிறைப்பட்ட 37ஆம் வருஷத்தில், புதிதாகப் பட்டத்துக்கு வந்த பாபிலோன் ராஜா ஏவில்மெரொதாக் அவனை விடுவித்தான் என்று அங்கே இருக்கிறது. ஏவில்மெரொதாக்கின் தகப்பன் நேபுகாத்நேச்சார் இறந்தது கி.மு. 562 என்பதைப் பழைய அரசர் பட்டியல்களும் வானியல் கணக்குகளும் காட்டின. மொத்தக் கயிற்றையும் அஷர் அந்த ஆணியில் கட்டினார். அதாவது, வேதத்துக்கு வெளியே போகாமல் 4004 என்ற எண்ணே கிடைத்திருக்காது.

வேதத்துக்கு உள்ளேயும் அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. எபிரேய மூலத்தில் சேத் பிறந்தபோது ஆதாமுக்கு வயது 130. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. கிரேக்கத்தின் வழி போனால் உலகத்தின் வயதில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் கூடிவிடும். அஷர் எபிரேயத்தின் பக்கம் நின்றார். ஸ்காலிகர், கெப்ளர் போன்ற பெரிய மூளைகளும் இதே கணக்கைப் போட்டு, கி.மு. 4000ஐ ஒட்டி வேறு வேறு விடைகளுக்கு வந்திருந்தார்கள். படித்தவர்களின் பந்தியில் அஷரின் எண்ணும் ஓர் இலைதான்.

பந்தியிலிருந்து அதைப் பூஜையறைக்குக் கொண்டுபோனது அச்சகம். 1701இல் வொர்ஸ்டர் ஆயர் வில்லியம் லாயிட், அஷரைப் பின்பற்றிய ஆண்டுகளைக் கிங் ஜேம்ஸ் வேதாகமத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்தார். முதல் வசனத்துக்குப் பக்கத்திலேயே 4004 வந்து உட்கார்ந்தது. பின்வந்த பதிப்புகள் அதையே திரும்பத் திரும்ப அச்சிட்டன. வேதாகமத்தை மடியில் வைத்து எழுத்துக் கற்ற பிள்ளைகளுக்கு எது வசனம், எது ஆயரின் குறிப்பு என்று யார் பிரித்துச் சொன்னார்கள்?

சாதாரண ஜனங்களை விடுங்கள். 1861இல் லண்டன் நிலவியல் சங்கத் தலைவர் லியோனர்ட் ஹார்னர், அந்த எண் வேத வசனமல்ல, அதை ஓரத்திலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று பேசினார். அதைப் படித்த சார்லஸ் டார்வின் அவருக்கு எழுதிய கடிதத்தில், அந்தத் தேதி எப்படியோ வேதாகமத்துக்குள்ளேயே இருப்பதாகத் தான் நினைத்துக்கொண்டிருந்ததாக ஒப்புக்கொண்டார். ஒரு காலத்தில் பாதிரியாராகப் போவதற்காகக் கேம்பிரிட்ஜில் படித்த மனிதர் அவர்!

எண்ணின் அஸ்திவாரத்தைத் தோண்டியவர்களில் பழமைவாதிகளும் உண்டு. பிரின்ஸ்டன் இறையியலாளர் வில்லியம் ஹென்றி கிரீன், வேதத்தில் ஓர் எழுத்தையும் விட்டுக்கொடுக்காதவர். அவர் 1890இல் எழுதிய கட்டுரையில், வேத வம்ச அட்டவணைகள் பல இடங்களில் தலைமுறைகளைத் தாண்டிப் போகின்றன, அவற்றைக் கூட்டி உலகத்தின் வயதைச் சொல்ல முடியாது என்று வாதாடினார். இதை வேத வசனங்களை வைத்தே நிறுவினார். எனக்கு இது டார்வினின் கடிதத்தைவிட முக்கியமாகப் படுகிறது. ஆனால் அமெரிக்க வீடுகளில் பரவலாக இடம்பிடித்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் 1917 பதிப்பிலும் 4004 இருந்தது. ஆதியாகமத்தின் முதலிரண்டு வசனங்களுக்கு இடையே புதைபடிவங்களுக்கெல்லாம் இடம் உண்டு என்று குறிப்பு எழுதிய அதே ஸ்கோஃபீல்டு, ஓரத்து எண்ணுக்கும் இடம் கொடுத்தார்.

அந்த எண் நீதிமன்றம் ஏறியது 1925 ஜூலை 20, டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில். பரிணாமம் கற்பித்ததாக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு. கூட்டம் தாங்காமல் விசாரணை வெளியே புல்வெளிக்கு மாறியிருந்தது. மாநிலச் சட்டம் மனிதன் படைக்கப்பட்ட கதையைப் பற்றித்தான் பேசியது. பூமியின் வயதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. எண்ணைக் குடைந்தவர் ஸ்கோப்ஸ் தரப்பின் அறியொணாவாத வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ. சாட்சிக் கூண்டில் இருந்தவர் விசுவாசிகளின் தலைவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். அது ஒரு மனிதரின் மதிப்பீடு, துல்லியமானது என்று சொல்லமாட்டேன் என்றார் பிரையன். வேதாகமத்தில் அச்சாகியிருக்கிறதே என்று டாரோ விடவில்லை. எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கேட்டதற்குப் பிரையனிடம் பதில் இல்லை. படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்றும் சொன்னார். கூட்டம் சிரித்தது. ஓரக் குறிப்பை வேதத்தின் தலையில் கட்டியது அன்று நம்பிக்கையாளர் அல்ல, கேலி செய்தவர்.

பிற்பாடு வந்தவர்கள் ஆளுக்கொரு வழி போனார்கள். 1961இல் இளம் பூமிக் கொள்கைக்கு உயிர் கொடுத்த நூலை எழுதிய விட்கோமும் மோரிஸும்கூட அஷரின் ஜலப்பிரளய ஆண்டை ஏற்கவில்லை. உயிர்களை ஓர் அறிவு வடிவமைத்தது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ பேசும் மைக்கேல் பெஹிக்கோ பூமிக்குப் பல நூறு கோடி ஆண்டுகள் என்பதில் ஆட்சேபமே இல்லை. ஆனாலும் 2003இல் அஷரின் நூல் திருத்திய ஆங்கிலப் பதிப்பாக அமெரிக்காவில் மறுபடி அச்சேறி, விற்றும் வருகிறது.

வேதம் ஆறாயிரம் வருஷம் என்கிறது என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஆதரிப்பவராக இருந்தாலும் கிண்டல் செய்பவராக இருந்தாலும், எந்த அதிகாரம், எந்த வசனம் என்று கேளுங்கள்.