கலைந்த குழுவும் கலையாத வரம்பும்: ராக்கெட் பறப்பில் ஜி.பி.எஸ். தடையின் வரலாறு

முன்னுரை

பேருயரத்தில் பறக்கும் ராக்கெட்டில் ஜி.பி.எஸ். சமிக்ஞை அறுபடும்போது, புறத்தேயிருந்து வரும் அலைக் குறுக்கீடே காரணமென முதலில் கருதப்படுகிறது. ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்திலுள்ள செயற்கைக்கோள்களின் சமிக்ஞை புவியருகே மிக நலிந்திருப்பதால் அக்கருத்து இயல்பானதே. எனினும், தடையின் ஒரு பகுதி அலைவாங்கிக்கு உள்ளேயே திட்டமிட்டு வைக்கப்பட்டது என்பதை வரலாறு காட்டுகிறது.

வரம்பின் தோற்றம்

ஜி.பி.எஸ். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் படைப்பு. 1983 செப்டம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானம் ஒன்றைச் சோவியத் படை சுட்டு வீழ்த்தியதில் 269 பேர் இறந்தனர். அதன்பின், அவ்வமைப்பு பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் வழங்கப்படும் என ரீகன் அரசு அறிவித்தது. ஆனால் விமானத்துக்கு வழிகாட்டும் கருவி ஏவுகணைக்கும் வழிகாட்டும். எனவே 18 கி.மீ. உயரத்துக்கு மேலும், நொடிக்கு 515 மீட்டர் வேகத்துக்கு மேலும் இயங்கவல்ல அலைவாங்கிகள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டன. வணிகக் கருவிகள் அவ்வெல்லையில் தாமே இருப்பிடம் தருவதை நிறுத்துமாறு அமைக்கப்பட்டன. பனிப்போர்க் கால மேற்கு நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக் குழுவின் பெயரால் இது ‘கோகாம் வரம்பு’ எனப்படுகிறது.

உம்மையும் அல்லதும்

விதி இரு நிபந்தனைகளையும் உம்மையால் இணைத்தது. உற்பத்தியாளர் சிலர் அதனை ‘அல்லது’ எனக் கொண்டனர். இதனால், மெதுவாக மிதக்கும் ஆய்வு பலூன்கள்கூட உயரத்தைக் கடந்தவுடன் இருப்பிடம் இழந்தன. ராக்கெட்டின் நிலை இன்னும் சிக்கலானது. அதன் கடும் முடுக்கம் அலைவரிசையை விரைவாகப் பெயர்ப்பதாலும், சுழற்சி உணர்கொம்பைத் திசைமாற்றுவதாலும் சமிக்ஞை அறுபடலாம். எனவே இழப்பு இயற்கையாலா, குறுக்கீட்டாலா, விதியாலா என்பதைத் தரவிலிருந்து பிரித்தறிவது கடினமாகிறது. உச்சியருகே வேகம் குறைந்தாலும், கருவி செயற்கைக்கோள்களை மீண்டும் பற்றுவதற்குள் உச்ச உயரம் பதிவாகாமல் போகலாம்.

முடிவுரை

பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. அக்குறைப்பு செயற்கைக்கோள்களிலேயே இருந்ததால், 2000 மே மாதத் தொடக்கத்தில் கிளின்டனின் முடிவால் உலகெங்கும் ஓரிரவில் நீங்கியது. கோகாம் அமைப்போ 1994 மார்ச்சிலேயே கலைந்துவிட்டது. கட்டுப்பாடு பிற உடன்பாடுகளின் வழி தொடர்ந்தது. வரம்பும் எண்ணற்ற கருவிகளின் மென்பொருளில் தங்கிவிட்டது. மையத்தில் விதித்த தடையை மையமே நீக்கலாம். கருவிதோறும் பதித்த தடை, விதித்தவர் மறைந்த பின்னும் வாழும். ராக்கெட் தரவில் காணும் வெற்றிடத்தை ஆராய்வோர், வானத்தோடு இவ்வரலாற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும்.