குரூகர் தேசியப் பூங்காவும் மக்குலேக்கே மக்களின் நிலமும்

தென்னாப்பிரிக்காவிற்குச் சுற்றுலா செல்வோரில் பலர், கேப் டவுன் போன்ற நகரங்களுக்கு அடுத்தபடியாக நாடுவது குரூகர் தேசியப் பூங்காவை ஆகும். நாட்டின் வடகிழக்கில் மொசாம்பிக் எல்லையை ஒட்டி, ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இது அமைந்துள்ளது. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகிய ஐந்தையும் இங்குக் காணலாம். மனிதர் வாழ்ந்திராத காடு என்றே பயணிகள் பலர் இதனை எண்ணுகின்றனர். அது சரியன்று.

திரான்சுவால் குடியரசின் தலைவர் பால் குரூகர் 1898 இல் சாபி காப்பகத்தை அறிவித்தார். போயர் போருக்குப் பின், 1902 இல், சேம்சு இசுடீவன்சன்-ஆமில்டன் அதன் முதல் காப்பாளராக நியமிக்கப்பட்டார். காப்பகத்தினுள் இருந்த ஊர்களை அவர் காலி செய்வித்ததால், சோங்கா மக்கள் அவரை 'சுகுகுசா' என அழைத்தனர். துடைத்து எடுப்பவர் என்பது அதன் பொருள். பூங்காவின் தலைமையகமான பெரிய முகாமுக்கு இன்றும் அதுவே பெயர். அங்குத் தங்கிச் செல்வோரில் எத்தனை பேர் இதை அறிவர்?

1926 இல் இது தேசியப் பூங்காவானது. மறு ஆண்டு பயணிகளின் மகிழுந்துகள் வரத் தொடங்கின. அவ்வாண்டில் வந்தவை மூன்றே.

வெளியேற்றம் அத்துடன் நிற்கவில்லை. லிம்போபோவும் லுவுவு ஆறும் கூடும் பாஃபூரிப் பகுதி, பெருக்க மரங்களும் மஞ்சள் பட்டை வேல மரங்களும் நிறைந்த அழகிய இடம். அங்கு வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் சுமார் 3,000 பேர், 1969 இல் இனவொதுக்கல் அரசால் தெற்கே உள்ள இன்டிலவேனிக்கு அகற்றப்பட்டனர். துப்பாக்கி முனையில் தம் வீடுகளுக்குத் தாமே தீ வைக்க நேர்ந்தது. அந்நிலம் பூங்காவுடன் இணைக்கப்பட்டது.

இனவொதுக்கல் முடிவுற்றபின் இயற்றப்பட்ட 1994 ஆம் ஆண்டு நில மீட்புச் சட்டத்தின்படி அவர்கள் உரிமை கோரினர். 1998 இல் 20,000 எக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பியது. ஆனால் அங்குக் குடியேறவோ பயிரிடவோ கூடாது. நிலம் பூங்காவின் பகுதியாகவே நீடிக்க வேண்டும். இதற்கு அவர்கள் இசைந்ததைப் பெருந்தன்மை என்று புகழ்வோர் உண்டு. உடன்படாமல் நிலத்தை மீட்கும் வழி அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

இப்போது அங்குள்ள விடுதிகள் இம்மக்களின் சமூக அமைப்புடன் ஒப்பந்தம் செய்து இயங்குகின்றன. வழிகாட்டிகளில் மக்குலேக்கே இளைஞர்களும் உள்ளனர். 2007 இல் இங்குள்ள ஈரநிலம் ராம்சர் பட்டியலில் 'மக்குலேக்கே' என்ற பெயரிலேயே சேர்க்கப்பட்டது.