கூத்துக் களரியிற் பெண் வேடம்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களுள் பெரியகல்லாறும் ஒன்று. இவ்வூர் மக்கள் கடல்நாச்சியம்மனை வழிபடுபவர்கள். இப்பிரதேசத்திற் குடிமரபு தாய்வழியே வந்தது. வீடு மகளுக்குச் சீதனமாயிற்று; மணமகன் மனைவியின் இல்லஞ் சென்று வாழ்ந்தான். முக்குவரிடையே நிலவிய தாய்வழி உரிமை முறையினைப் பிரித்தோ என்பார் 1876ஆம் ஆண்டில் நூலாகவே தொகுத்தளித்தார். பெண்ணை மையமாகக் கொண்ட இச்சமுதாயத்தின் தலையாய கலையாகிய கூத்திலோ பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்று வந்தனர். இம்முரண்பாடு ஆராயத்தக்கது.

அண்ணாவியாரின் கீழ் இரவு தோறும் பல மாதங்கள் பயின்று, விடியும்வரை களரியில் ஆடப்படுவது கூத்து. இல்லத்திற்குரியவளாகக் கருதப்பெற்ற பெண்ணுக்கு இரவுப் பொதுவெளி உரியதாகவில்லை. சொத்துரிமை ஒன்று, பொதுவெளியில் தோன்றும் உரிமை வேறொன்று என்பது இதனாற் புலனாகும்.

வடமோடியில் அரசர் கரப்புடுப்பும் முடியும் தரித்து ஆடுவர். பெண் வேடத்தார் சேலையணிந்து மென்மையான ஆட்டம் ஆடுவர். ஒவ்வொரு பாத்திரமும் வரவுப் பாட்டினாலே தன்னைச் சபைக்கு அறிமுகஞ் செய்து கொள்ளும். எனவே பெண்மை என்பது ஈண்டு உடலின் இயல்பாகவன்றி, உடையாலும் தாளத்தாலும் குரலாலும் கற்றுப் பெறப்படும் ஒரு கோலமாகவே அமைந்தது எனலாம். ஆண்மையும் அத்தகையதே என்பதனை மறத்தலாகாது. கரப்புடுப்பைக் களைந்ததும் அரசன் உழவனாகிவிடுகின்றான்.

பிற நாட்டு வரலாறும் இதனை ஒத்ததே. யப்பானிய கபுக்கி 1603ஆம் ஆண்டளவில் ஒக்குனி என்ற பெண்ணாலே தொடங்கப்பெற்றது. எனினும் 1629இற் பெண்கள் அவ்வரங்கினின்றும் விலக்கப்பட்டனர். பின்னர் ஆடவரே பெண்மைக்கு இலக்கணம் வகுத்தனர். மறுதலையாக, 1914இல் முதன்முதல் மேடையேறிய தக்கரசுக்கா குழுவிற் பெண்களே ஆடவராகவும் நடித்து வருகின்றனர்.

மட்டக்களப்புக் கண்ணகி வழிபாட்டோடு தொடர்புற்ற கொம்புமுறி விளையாட்டிலும் இதன் சாயலைக் காணலாம். வடசேரியார் கோவலன் பக்கமும் தென்சேரியார் கண்ணகி பக்கமும் நிற்பர். ஆடவர் ஒருசாரார் கண்ணகியின் வெற்றிக்காகவே கொம்பிழுத்தனர். பெண் தெய்வத்தின் சார்பில் நிற்பதனை அவர்கள் இழுக்காகக் கருதினாரல்லர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', பின்னர் 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியதன் பயனாகக் கூத்துப் பல்கலைக்கழகத்துட் புகுந்தது. பிற்காலத்திற் கிழக்குப் பல்கலைக்கழக மாணவியரும் கூத்தாடலாயினர்.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. களரியேறிய பெண், ஆடவர் வகுத்த பெண் ஆட்டத்தையே தனக்குரியதாகக் கொள்ளல் வேண்டுமா? அன்றி, கரப்புடுப்பணிந்து கர்ணனாகவும் இராவணனாகவும் அவள் ஆடலாகாதா? வேடம் கற்றுப் பெறப்படுவதெனின், எவ்வேடமும் எவர்க்கும் உரியதே. மரபினைப் பேணுதல் என்ற பெயரால் அதன் விலக்குகளையும் பேணுவது கூத்தின் வளர்ச்சிக்குத் துணைசெய்யாது. மத்தளத்தின் தாளம் ஆடுவார் ஆணா பெண்ணா என வேறுபாடு காண்பதில்லை, காண்பவர் சபையோரே.