மக்குப் பிள்ளையும் இரவுக் குறட்டையும்

லவ்டேல் என்றதும் லாரன்ஸ் பள்ளிதான் நினைவுக்கு வரும். 1858-ல் பிரிட்டிஷ் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக ஊட்டியில் தொடங்கியது. அந்தக் காலத்தில் எந்த ஊர் விடுதியிலாவது ஒரு பையன் இரவெல்லாம் குறட்டை விட்டு, பகலில் வகுப்பில் தூங்கி வழிந்தால் அவனுக்கு என்ன பெயர் கிடைத்திருக்கும்? மக்கு. வேறென்ன!

வேடிக்கை என்னவென்றால், விடையும் அதே காலத்தில்தான் எழுதப்பட்டது. 1868-ல் கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை விவரித்தார். 1889-ல் வில்லியம் ஹில், பிள்ளைகளின் 'மந்தபுத்தி'க்கு இந்த அடைப்பும் ஒரு காரணம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1892-ல் வில்லியம் ஆஸ்லர் தன் பாடநூலில் ராத்திரிக் காட்சியையே வரைந்துவிட்டார்: சத்தமான மூச்சு, நடுவில் நீண்ட நிறுத்தம், பிறகு திணறி இழுக்கும் மூச்சு. இன்றைக்கும் ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.

அப்புறம் 84 வருஷம். 1976-ல்தான் ஸ்டான்ஃபோர்டில் கியோமினோ குழு எட்டுப் பிள்ளைகளை இரவு முழுக்கக் கருவிகளோடு படுக்க வைத்து, மூச்சு நிற்பதை அளந்து காட்டியது. ஏன் இவ்வளவு தாமதம்? எங்கள் தொழிலில் சொல்வதானால், டெஸ்டர் முன்னால் வரவே வராத பிழை இது. டாக்டர் பார்ப்பது பகலில். வீட்டிலோ, "அசந்து தூங்குறான், குறட்டையைப் பாரு" என்று சந்தோஷப்படுகிறோம்.

ஆகவே சல்லடை என்பது முதலில் ஒரு கேள்விதான். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறட்டை உண்டா என்று கேளுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2002-ல் சொன்னது. மிச்சிகனில் செர்வின் 2000-ல் தயாரித்த கேள்வித்தாளில் 22 கேள்விகள்: வாயால் மூச்சு விடுகிறதா, படுக்கை நனைகிறதா, காலையில் தலைவலியா... ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு 'ஆம்' வந்தால் சந்தேகம். சந்தேகம் மட்டும்தான், உறுதி செய்ய இரவுத் தூக்கப் பரிசோதனை வேண்டும்.

சந்தேகம் வந்ததும் ஆப்பரேஷனுக்கு ஓட வேண்டியதும் இல்லை. 2013-ல் வெளியான ஆய்வில் 5 முதல் 9 வயதுள்ள 464 பிள்ளைகள். டான்சில், அடினாய்டு எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க அளவுகள் சரியாகின. ஏழு மாதம் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. நடத்தையும் அன்றாட வாழ்க்கைத் தரமும் ஆப்பரேஷனில் கூடுதலாகத் தேறின. ஆனால் கவனத் தேர்வு மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஹில்லின் நம்பிக்கைக்கு இது ஒரு குட்டு என்றே நினைக்கிறேன்.

இதை லவ்டேலில் செய்வதானால் இரண்டு சிக்கல். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை வைத்து இரவில் சோதிக்கும் மாண்ட்ரியல் முறை, ஆக்சிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை தடவை இறங்கியது என்று எண்ணும். மாண்ட்ரியல் தாழ்வான ஊர். 2,200 மீட்டருக்கு மேலே இருக்கும் லவ்டேலில் ஆரோக்கியமான பிள்ளைக்கே அளவு கொஞ்சம் குறைவாகத்தான் தொடங்கும். அந்த எண்ணை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது.

அடுத்தது, கேள்வித்தாள் பெற்றோருக்கானது. விடுதியில் ராத்திரி மூச்சைக் கேட்பது வார்டனும் பக்கத்துக் கட்டில் பையனும். அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013 முதல் பள்ளிப் பிள்ளைகளிடம் தேடும் 30 குறைபாடுகளில் இந்த மூச்சுத்தடை இல்லை. டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் குறட்டை இல்லாவிட்டாலும் நாலு வயதுக்குள் தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்கிறது அதே அமெரிக்க அகாடமி. நம் ஊரில் ஆரம்பிப்பதென்றால் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.