முத்துக் கரைக்கு வந்த புதிய ஆசான்



கல்லூரி திறக்கும் முதல் நாளில் அச்சத்தோடு வகுப்பிற்குள் நுழைபவர் மாணவர் மட்டுமே என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அன்று உங்கள் முன் வந்து நிற்கும் புதிய விரிவுரையாளரின் நெஞ்சும் அவ்வாறே படபடத்துக்கொண்டிருக்கும். அவர் பட்டங்கள் பல பெற்றவராக இருக்கலாம். ஆனால் கற்பது வேறு, கற்பிப்பது வேறு. அந்த இடைவெளியை அவர் எவருடைய துணைகொண்டு கடக்கிறார்? இந்த வினாவிற்கு நம் தூத்துக்குடிக் கரையின் வரலாற்றிலேயே நல்லதொரு விடை உண்டு.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு, கடலோர ஊர் ஒன்றில் பணியேற்றேன். நான் பிறந்ததோ வானம் பார்த்த கரிசல் பூமி. பருவக்காற்றைப் பற்றிப் பாடம் நடத்துகையில், கச்சான் காற்று கிழக்கிலிருந்து வீசுவது என்று சொல்லிவிட்டேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. தந்தையரோடு தோணியில் சென்று வந்த பிள்ளைகள் அவர்கள். கச்சான் மேல்காற்று என்பதும், கொண்டலே கீழ்காற்று என்பதும் அவர்களுக்கு நடக்கத் தொடங்கிய நாள் முதலே தெரியும். அன்றிரவு வேலையை விட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று எண்ணினேன்.

மறுநாள் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். “தம்பி, காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும், ஏன் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டையும் பண்டமாற்றுச் செய்துகொள்ளுங்கள்” என்றார். அந்த ஒரு சொல் என்னை ஆசிரியப் பணியில் நிறுத்திவிட்டது.

என்னைக் காட்டிலும் நூறு மடங்கு இடர்ப்பட்ட புதிய ஆசான் ஒருவர், 1547ஆம் ஆண்டளவில் இதே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். போர்ச்சுக்கல் நாட்டவரான அன்றீக்கு அடிகளார்தாம் அவர். யூதக் குடிவழியினர் என்ற காரணத்தால் தம் நாட்டில் துறவுச் சபையொன்றிலிருந்து விலக்கப்பெற்று, பின்னர் இயேசு சபையில் சேர்ந்து கடல் கடந்து வந்தவர். இங்கே அவருக்குக் கிடைத்த பணி பரதவ மக்களிடையே சமயம் போதிப்பது. ஆனால் தமிழில் ஒரு சொல்லும் அறியார். மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே பேச வேண்டியிருந்தது. தான் சொல்லுவது கேட்போரைச் சென்றடைகிறதா என்றே அறியமுடியாத ஆசிரியரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

வெளிச் சூழலும் அமைதியாக இல்லை. 1549ஆம் ஆண்டில் இராமேசுவரத்தை அடுத்த வேதாளையில் நடந்த தாக்குதலில், இக்கரையில் அவருடைய சபையினருக்குத் தலைவராக இருந்த அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். வந்து ஓரிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த அன்றீக்கு அடிகளாரின் தோளிலேயே தலைமைப் பொறுப்பு விழுந்தது.

அவர் தளர்ந்துவிடவில்லை. பிரான்சிசு சவேரியார் அவரைத் தமிழ் கற்குமாறு ஊக்குவித்திருந்தார். தமிழறிந்தவர்களிடம் மாணவராக அமர்ந்து, இரவும் பகலும் முயன்று பேசவும் எழுதவும் பயின்றார். உடன் பணியாற்றிய துறவியர் அனைவரும் தமக்குள்ளும் தமிழிலேயே பேசுவது என்றும், தவறியவர் சிறு தண்டனை ஏற்பது என்றும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். பிழையாகப் பேசுவதற்கு வெட்கப்படாமல் இருக்க இதனினும் நல்ல வழி உண்டோ?

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் போற்றுவது பிறிதொன்று. தாம் பட்ட பாடு தமக்குப் பின் வருவோர் படலாகாது என்று கருதி, தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்ச்சுக்கீசிய மொழியில் அவர் எழுதினார். அதன் கையெழுத்துப்படி இன்றும் லிசுபன் நகரத்துத் தேசிய நூலகத்தில் உள்ளது. புன்னைக்காயலில் புதிய துறவியர் அவரிடம் தமிழ் பயின்றனர். 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். எனினும் இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சாகி இன்று கிடைப்பவற்றுள் அதுவே மிகப் பழையது. அரை நூற்றாண்டுக்கு மேல் இக்கரையிலேயே வாழ்ந்து, 1600ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஊர் திரும்ப எண்ணியிருக்கக்கூடிய புதியவர் ஒருவர், வழிகாட்டியாகவே நிலைத்துவிட்டார்.

இந்தத் துணையின் அருமையைக் கடலோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1961ஆம் ஆண்டு வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. கல்லின் பாரத்தால் கடலடிக்கு இறங்குபவன் மூச்சடக்கியிருக்கும் நேரம் ஒரு நிமிடத்தை ஒட்டியதே. அதற்குள் அவன் சிப்பிகளைத் திரட்டிக் கயிற்றை அசைத்ததும், தோணியில் இருப்பவன் அவனை மேலே இழுக்க வேண்டும். அக்கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பதே வழக்கம் என்பார்கள்; தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாக அவன் விடமாட்டான் அல்லவா? மூழ்குபவனின் திறமையைப் புகழ்கிறோம். கயிறு பிடித்தவனை மறந்துவிடுகிறோம்.

நிற்க. இன்று இந்நகரில் 1948இல் தோன்றிய தூய மரியன்னை கல்லூரி, 1951இல் தோன்றிய வ.உ.சிதம்பரம் கல்லூரி, 1977இல் தோன்றிய மீன்வளக் கல்லூரி முதலியன உள்ளன. இத்தகைய கல்லூரிகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியர்களுக்கென அரசும் வழி செய்துள்ளது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு பயிற்சிக் கல்லூரிகளை அமைத்தது. அவை 2023 முதல் மாளவியா பெயரிலான ஆசிரியர் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பயிற்சி வேண்டியதே. ஆயினும் சில வாரப் பயிற்சி, பக்கத்து அறையில் இருக்கும் மூத்த ஆசிரியரின் ஒரு நல்ல சொல்லுக்கு ஈடாகாது.

அந்தக் கயிற்றின் ஒரு முனை உங்கள் கையிலும் உண்டு, மாணவர்களே. புதிய ஆசிரியர் தடுமாறும்போது சிரிப்பது எளிது. என் வகுப்பில் அன்று உரக்கச் சிரித்த மாணவன் ஒருவனே, மறுவாரம் காற்றுகளின் பெயர்களைத் திசைவாரியாக எழுதிக்கொண்டு வந்து, ஒன்றும் பேசாமல் என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றான். நான் ஓய்வுபெற்ற நாளிலும் அந்தத் தாள் என்னிடம் இருந்தது.