வாழையின் முடிக்கொத்து நோயும் மகீயின் ஆராய்ச்சியும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலே கிணற்றடியில் வாழை நில்லாத பழைய வளவைக் காண்பது அரிது. குளித்த நீர் வாழைக்குப் பாயும். அயலவர் குட்டி கேட்டால் இல்லையென்பதும் வழக்கமில்லை. வாழை பெருகிய இந்த நல்வழியிலேயே அதன் கொடிய நோயொன்றும் பெருகக்கூடும் என்பதை உலகம் அறிந்துகொண்டது 1920 களிலேதான்.

அதுவே முடிக்கொத்து நோய். புதிதாக விரியும் இலைகள் வரவரக் குறுகி, நிமிர்ந்து, உச்சியிலே கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடியிலும் தந்திக் குறிகளைப் போலப் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீறல்கள் தோன்றும். இளமையிற் பீடிக்கப்பட்ட வாழை குலை ஈனுவதில்லை.

இந்நோய் முதன்முதலிற் பதிவானது 1889 இல், பிஜித் தீவிலே. இலங்கையில் 1913 இல் பதிவாயிற்று. பேராதனையில் அரசாங்கப் பூஞ்சணவியலாளராகவிருந்த தோமஸ் பெட்ச் அதனைப்பற்றி எழுதினார். ஏறத்தாழ அதே காலத்தில், பிஜியிலிருந்து சென்ற நடுகுட்டிகளோடு அது அவுஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது.

அவுஸ்திரேலியாவில் நேர்ந்ததோ பேரழிவு. நியூ சவுத் வேல்ஸ், குவீன்சுலாந்து எல்லைப்புறத்துத் துவீட் பள்ளத்தாக்கிலே, முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட வீரர் பலர் வாழைத்தோட்டங்களை நம்பிக் குடியேறியிருந்தனர். சில ஆண்டுகளுக்குள் தோட்டங்கள் பாழாயின. குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டுப் போயின. மண் சத்திழந்தது என்றார் சிலர். பூஞ்சணம் என்றார் வேறு சிலர். வேரைத் தின்னும் நுண்புழு என்றும் சொல்லப்பட்டது. 1924 இல் அரசாங்கங்கள் கூடி ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தன. பேராசிரியர் கொடார்ட் என்பவரின் தலைமையிலே அங்கு வேலைக்கு வந்தவர்களுள் ஒருவரே சி. ஜே. பி. மகீ என்னும் இளைஞர்.

மகீ கைக்கொண்ட முறை மிக எளியது. நோயுற்ற வாழையின் சாற்றை நல்ல வாழையில் ஏற்றிப் பார்த்தார், நோய் வரவில்லை. பின்பு, வாழைமடலின் இடுக்கிலே கூட்டமாக வாழும் கருநிற அழுக்கணவன் பூச்சிகளை நோயுற்ற வாழையிலிருந்து எடுத்து, பூச்சி புகாத கூண்டினுள் வைத்த நல்ல வாழையில் விட்டார். வாரங்கள் கழிந்தன. விரிந்த புதிய இலைகளிலே கரும்பச்சைக் கீறல்கள் தோன்றின. பூச்சி விடப்படாத வாழைகளோ நலமாகவே நின்றன. அப்பூச்சி கசியும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதனைச் சூழ்ந்து காவல் செய்யும். வாழையடியில் எறும்பு ஏறுவதைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

அயலுக்குப் பரப்புவது அழுக்கணவன், தூரத்துக்குக் கொண்டு செல்வது குட்டி என்பதே 1927 இல் அவர் வெளியிட்ட முடிவு. நோயுற்ற தாய்மரத்தின் குட்டி பார்வைக்கு நல்லதாயிருப்பினும், கிழங்கிலே நோயைச் சுமந்து வரும்.

இதிலிருந்து பிறந்த பரிகாரம் கசப்பானது. நோயுற்ற வாழையைக் குணப்படுத்த வழியில்லை. பூச்சி பறந்து போகாதபடி முதலில் மண்ணெண்ணெய் ஊற்றி, பின்பு கிழங்கோடு தோண்டி அழித்தல் வேண்டும். ஒருவர் அழிக்க, அயலவர் அழிக்காது விட்டால் பயனில்லை. ஆகவே சட்டம் வந்தது: தோட்டங்கள் பதியப்பட்டன, பரிசோதகர் வரிசை வரிசையாக நடந்து பார்த்தனர், அனுமதியின்றிக் குட்டியை இடம்பெயர்த்தல் தடுக்கப்பட்டது. வாழ்நாட் சேமிப்பையெல்லாம் நட்டவனிடம் அதைத் தன் கையாலேயே வெட்டு என்று சொல்வது சிறிய காரியமன்று. ஆயினும் தோட்டக்காரர் இசைந்தனர். 1930 களில் அத்தொழில் மீண்டும் தழைத்தது.

மகீ அத்தோடு ஓயவில்லை. 1940 இலும் 1948 இலும் 1953 இலும் இந்நோய்பற்றிய கட்டுரைகளை வெளியிட்டார்; எவ்வின வாழை நோயை ஓரளவு தாங்கும் என்றும் சோதித்தார். இதற்கிடையில், 1940 இல் நோய் கேரளத்திலே காணப்பட்டது; இலங்கையிலிருந்து சென்றதாகவே அங்குள்ளோர் கருதுகின்றனர். பின்னர் அது தமிழ்நாட்டின் பழனி மலைச்சாரல்களில் விருப்பாட்சி வாழையைப் பெரிதும் அழித்தது.

தாம் பின்தொடர்ந்த வைரசை மகீ தமது ஆராய்ச்சிக் காலத்திற் கண்டதில்லை. 1990 ஐ அண்டிய ஆண்டுகளிலேதான் அது பிரித்தெடுக்கப்பட்டது: ஏறக்குறைய 20 நனோமீற்றர் குறுக்களவுள்ள துணிக்கைகள்; அவற்றுள் வட்டவடிவான மரபுப்பொருள், மொத்தம் ஆறு துண்டுகள். உருவம் தெரிந்த பின்னரும், நோயுற்ற வாழைக்கு இன்றளவும் மண்வெட்டியே மருந்து.